மீதி ஒன்பது மணித்தியாலம்

போன மாதம், ஓய்வூதியப் படிவம் ஒன்றில் விடுபட்ட கையெழுத்துக்காக எங்கள் பழைய இடத்துக்குப் போனேன். குவாண்டம் கணினி ஆய்வு மையம் என்று மூன்று மொழியிலும் எழுதி வாசலில் மாட்டிய பலகை உப்புக்காற்றில் வெளிறிக் கிடந்தது. உள்ளே பத்துப் பதினைந்து மாணவர்கள் மடிக்கணினிகளோடு இருந்தார்கள். இப்போது அவர்கள் எழுதும் கணக்கை இணையத்தின் வழியாக எங்கோ வெளிநாட்டில் இருக்கும் குவாண்டம் இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். தங்கள் முறை வந்ததும் அது பதில் அனுப்புகிறது.

"இப்ப குளிரே தேவையில்ல நசீர் நானா, வைஃபை இருந்தாப் போதும்" என்று பொறுப்பாக இருக்கும் இளம் விரிவுரையாளர் சிரித்துக்கொண்டு சொன்னார். அங்கே எல்லோருக்கும் நான் நானா, அண்ணன்தான். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு மாணவி பின்பக்கத்துப் பூட்டிய கதவைக் காட்டி, "அந்த ரூம்ல முந்தி என்ன செஞ்ச நீங்க?" என்று கேட்டாள். "குளிர வச்சோம் மகள்" என்றேன். ஏசி திருத்தும் ஆள் என்று நினைத்திருப்பாள். விரிவுரையாளர்தான், "எழுதித் தாங்க, ஆண்டு மலர்ல போடுவோம்" என்றார். அதற்காகத் தொடங்கியது இது. எழுத எழுத மலருக்குப் பொருந்தாத இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. போகட்டும்.

நான் குறிஞ்சிப்பிட்டிக்காரன். கற்பிட்டியில் ஓர் ஐஸ் பெக்டரியில் பத்தொன்பது வருடம் மெக்கானிக்காக இருந்தேன். யுத்தம் முடிந்து சில வருடங்களில் அந்தப் பெக்டரி கைமாறியது. புதியவர்கள் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். வேலையில்லாமல் வீட்டில் இருந்த நேரத்தில், பல்கலைக்கழகம் ஒன்று 'குளிர்சாதனத் தொழில்நுட்ப உதவியாளர்' கேட்டு விளம்பரம் போட்டிருப்பதாக ராத்தா வந்து சொன்னா. ராத்தா என்றால் என் மூத்த சகோதரி. வீட்டுக்காரர் மௌத்தான பிறகு தனியாக வெங்காயத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தா. பாண் சுற்றி வந்த பேப்பரைக்கூட வாசிக்காமல் விடமாட்டா.

நேர்முகத்துக்கு இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். டிப்ளோமாக்காரர்கள், இங்கிலீஷ் பேசுகிறவர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நடுவில் ஒரு பெண் இருந்தா. ஒல்லியான உடம்பு, பாதி நரைத்த முடி. அவதான் கலாநிதி சாருமதி, மையத்தின் தலைவர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இடம்பெயர்ந்து புத்தளத்தில் பள்ளிக்கூடம் படித்து, பிறகு எங்கெல்லாமோ போய்ப் படித்துத் திரும்பி வந்தவ என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. என் சான்றிதழ்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"ஐஸ் கட்டுறதில ஆகக் கஷ்டமான வேலை எது?"

"குளிர வைக்கிறது லேசு மிஸ். வெளிச் சூட்ட உள்ளுக்கு வர விடாம வைக்கிறதுதான் கஷ்டம்."

மிஸ் பேனையைக் கீழே வைத்தா. பக்கத்தில் இருந்தவர் அடுத்த கேள்விக்கு வாய் திறந்தார். "எனக்குக் காணும், வேறை கேள்வி வேண்டாம்" என்றா. அடுத்த வாரம் கடிதம் வந்தது.

எங்கள் கட்டடம் முன்பு இறால் குஞ்சு பொரிக்க வைத்த இடம். தலவில வீதியிலிருந்து கடற்பக்கமாகத் திரும்பினால் வரும். குவாண்டம் ஆய்வுக்கு இந்த மணல்காட்டில் என்ன வேலை என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். பல்கலைக்கழக வளாகத்துக்குப் பக்கத்தில் ரயில் பாதை போனது. ரயில் போகும்போதெல்லாம் நிலம் நடுங்கும், அளவு கெட்டுப்போகும். இங்கே ரயில் இல்லை. தலவில தேவாலயத் திருவிழாக் காலத்தில் பஸ்கள் வரிசையாக வரும் அந்த இரண்டு கிழமை, பதினான்கு நாள் மட்டும் நாங்கள் அளவெடுக்க மாட்டோம். மற்ற நாளெல்லாம் காற்றும் அலையும்தான்.

இயந்திரம் ஒரு வெளிநாட்டு ஆய்வுகூடம் பாவித்துவிட்டுக் கொடுத்த பழையது. ஆளுயர வெள்ளைப் பீப்பாய் ஒன்று இரும்புச் சட்டத்தில் தொங்கும். அதற்குள் பொன்முலாம் பூசிய செம்புத் தட்டுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். கீழே போகப் போகக் குளிர் கூடும். ஆகக் கீழ்த் தட்டில், சுண்டுவிரல் நகமளவு சில்லு ஒன்றை வைப்பார்கள். அந்தச் சில்லுதான் குவாண்டம் கணினியின் மூளை. அது வேலை செய்ய வேண்டுமானால் நட்சத்திரங்களுக்கு நடுவில் இருக்கும் வெளியைவிட அதிகம் குளிர வேண்டும். முதல் நாள் மிஸ் இதைச் சொன்னபோது, கற்பிட்டி வெயிலில் சட்டை நனைந்து நின்ற நான் அவ பகிடி விடுகிறா என்று நினைத்தேன்.

இயந்திரத்தோடு வந்த பொறியியலாளர் ஆறு கிழமை தங்கிப் பழக்கினார். பிறகு என்னை மூன்று மாதம் வெளிநாட்டுக்குப் பழக அனுப்பினார்கள். கொம்பிரசரும் பம்பும் எனக்குப் புதிதில்லை. புதிது ஒன்றுதான். நாங்கள் 'மிக்ஸ்' என்று சொல்லும் கலவை. ஹீலியத்தில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று பலூனில் அடைப்பது. மற்றது காசு இருந்தாலும் நினைத்தவுடன் வாங்க முடியாத அளவுக்கு அரிது. அரியது மற்றதற்குள் கரையும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அந்தக் கலவையைச் சுற்றவிட்டுச் சுற்றவிட்டுத்தான் அந்தக் குளிரை எடுப்போம். வேலை முடிந்ததும் கடைசித் துளிவரை திரும்பத் தாங்கியில் சேர்த்துவிட வேண்டும். இடையில் பம்ப் நின்றால் மிக்ஸ் சூடேறி வாயுவாகப் பெருகும். எங்கள் பழைய இயந்திரத்தில் பாதுகாப்பு வால்வு வெளிக்காற்றுக்குத்தான் திறக்கும். திறந்தால் எல்லாம் போச்சு. பிறகு அது வெறும் பீப்பாய்.

அதனால் மிஸ் ஒரு பழக்கம் வைத்திருந்தா. அதை 'வாசிப்பு' என்போம். மிக்ஸைத் திறந்துவிடும்போதும் திரும்ப எடுக்கும்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பட்டியலைப் பார்த்து வால்வு இலக்கத்தைச் சத்தமாக வாசிப்பார். மற்றவர் அந்த வால்வில் கையை வைத்து அதே இலக்கத்தைத் திருப்பிச் சொல்லுவார். வாசித்தவர் நிமிர்ந்து கையைப் பார்த்து "ஓம்" என்ற பிறகுதான் வால்வைத் திருப்பலாம். முப்பத்தொரு படி. எங்களுக்கு எல்லாம் மனப்பாடம். ஆனாலும் மிஸ் விடமாட்டா. எத்தனையாவது தடவையானாலும் முதல் தடவை மாதிரி, "வாசியுங்கோ நானா" என்பா. கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வந்து நின்றாலும் அதே குரல், அதே வேகம். ஒருமுறை வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மிஸ் நிறுத்தி, முதலாம் படியிலிருந்து திரும்பவும் வாசிக்கச் சொன்னா.

அவ சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பா. எனக்கு நன்றாக நினைவிருக்கும் சம்பவம் இரண்டாம் வருடத்தில் நடந்தது. இயந்திரத்துக்குள் எங்கிருந்தோ காற்றுக் கசிந்தது. பதினொரு நாள் தேடினேன். ஒவ்வொரு மூட்டுக்கும் ஹீலியம் ஊதி, கசிவுமானியின் முள்ளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் பெரிய மூடியைக் கழற்றி, ரப்பர் வளையத்தை விரலால் தடவிக்கொண்டு போனபோது மெல்லிய ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் ஒரு தலைமுடி. பாதி கறுப்பு, பாதி நரை.

அதை மிஸ்ஸிடம் நீட்டினேன். மிஸ் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

"என்ரை தலைமயிர்தான் நானா. பதினொரு நாள் உங்களை அலைக்கழிச்சது நான்."

பிறகு சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் கதிரையில் இருந்துவிட்டா. அடுத்த நாளிலிருந்து குளிரறைக்குள் வரும்போது தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தா. நான் தொப்பியோடு, அவ துணியோடு. வெளியிலிருந்து பார்த்தவர்கள் ஏதோ தொழுகை நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

தினுஷா வந்தது அதற்குச் சில வருடம் கழித்து. சிலாபத்துச் சிங்களக் கத்தோலிக்கப் பிள்ளை. தகப்பனுக்குச் சிலாபம் சந்தையில் மீன் வியாபாரம் என்பதால் தமிழ் தண்ணீர் மாதிரி வரும். கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு மிஸ்ஸிடம் சேர்ந்தாள். அவளுடைய கேள்வி எனக்கே விளங்கும்படி எளிமையானது. சில்லில் ஒரு தகவலை வைத்தால் அது எவ்வளவு நேரம் மறக்காமல் இருக்கும்? கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரம் தடவை மறந்துவிடும் சாமான் அது. மறக்கும் நேரத்தைத் திரும்பத் திரும்ப அளந்து புள்ளி வைப்பார்கள். அந்த நாள் சில்லுகளில் ஒரு வியாதி இருந்தது. காலையில் நல்லாக இருக்கும், பின்னேரம் காரணமில்லாமல் ஞாபகம் குறைந்துவிடும். தினுஷா ஒரு புது வடிவம் யோசித்தாள். அதை வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போய் ஐந்து மாதம் இருந்து தன் கையால் செய்துகொண்டு வந்தாள். தன் சில்லு தளம்பாது, ஞாபகம் கூடிக் குறையாது என்பது அவளுடைய வாதம். அதை நிறுவ, இரண்டு நாள், நாற்பத்தெட்டு மணித்தியாலம், இடைவிடாமல் அளக்க வேண்டும். குளிர் ஒரு கணமும் அசையக் கூடாது.

அவள் சில்லோடு வந்திறங்கிய நேரம் நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசை தொடங்கியிருந்தது. கேஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. குறிஞ்சிப்பிட்டியில் வள்ளங்கள் கரையில் கிடந்தன. மின்வெட்டு முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு மூன்று, பிறகு பாதி நாள். அட்டவணை போடுவார்கள். அட்டவணைப்படி வெட்டுவார்கள், ஆனால் அட்டவணைப்படி திரும்பத் தருவார்கள் என்று சொல்ல முடியாது.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தோம். நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. தினுஷாவின் உதவிப்பணம் முடிய இன்னும் ஐந்து கிழமைதான் இருந்தது. மையத்தின் ஜெனரேட்டருக்கு மிச்சமிருந்த டீசலை மிஸ்ஸும் நானும் அளந்தோம். அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு மட்டுமட்டாக வந்தது.

"நானா, என்ன செய்வம்?" என்றா மிஸ்.

"செஞ்சு பாப்பம் மிஸ். ஆனா ஒரு கோடு போடுவன். டீசல் அந்தக் கோட்டுக்கு வந்தா, என்ன நடந்தாலும் மிக்ஸ எடுக்கத் தொடங்கணும். எடுக்க ரெண்டு மணித்தியாலம் வேணும்."

"போடுங்கோ. கோட்டை நீங்கள் பாருங்கோ. நீங்கள் சொன்னால் நிப்பாட்டுவம். நான் மறுக்க மாட்டன்." தினுஷாவைப் பார்த்து, "நீயும் மறுக்கக் கூடாது" என்றா. அவள் தலையாட்டினாள்.

டீசல் தாங்கிக்குள் விடும் மூங்கில் குச்சியில் நான் கத்தியால் ஒரு கோடு கீறினேன்.

திங்கட்கிழமை பின்னேரம் ஏழு மணிக்கு அளவு தொடங்கியது. செவ்வாய் முழுவதும் நினைத்தபடியே போனது. கரண்ட் போகும், ஜெனரேட்டர் பிடிக்கும், கரண்ட் வரும். திரையில் புள்ளிகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி விழுந்துகொண்டிருந்தன. தினுஷா பிஸ்கட்டும் பிளேன்டீயுமாகத் திரைக்கு முன்னால் இருந்தாள். "நானா, பாருங்க, அசையவே இல்ல" என்று ஒவ்வொரு மணித்தியாலமும் சொன்னாள். எனக்குத் தெரிந்தது குளிர்மானியின் இலக்கம் மட்டும்தான். அதுவும் அசையவில்லை. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் அதிகம் பேசாமல், ஆனால் ஒரே சாமானைப் பார்த்துக்கொண்டு இருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை போல ஒரு நாள் என் வேலைக்காலத்தில் வேறில்லை. அதற்காக இப்போதும் ஏங்குகிறேன்.

புதன்கிழமை சுபஹுத் தொழுகைக்கு முன் வெட்டிய கரண்ட் ஏழு மணிக்கு வர வேண்டும். வரவில்லை. ஏழரைக்கும் இல்லை. மிஸ் மின்சார அலுவலகத்துக்குப் போன் எடுத்தா. லைனில் எங்கோ பழுதாம், ஆள் போயிருக்கிறதாம், எப்போது சரிவரும் என்று சொல்ல முடியாதாம். பல்கலைக்கழகத்திலிருந்து வருவதாக இருந்த டீசல் லொறி பாலாவியில் வரிசையில் நின்றது. குச்சியை விட்டுப் பார்த்தேன். கோட்டுக்கு மேலே ஒரு விரல்கூட இல்லை.

"மிஸ், அரை மணித்தியாலம் தாங்க. ராத்தாட்ட போய்ட்டு வாறன்."

மோட்டார் சைக்கிளில் பெற்றோல் இல்லை. சைக்கிளில் போனேன். ராத்தா தோட்டத்தில்தான் நின்றா. வெங்காயத் தாள் நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின் சும்மா கிடந்தது. பக்கத்தில் சாக்குப் போட்டு மூடிய ஒரு கலன்.

நான் விஷயத்தைச் சொன்னேன். ராத்தா கலனைப் பார்த்தா, வெங்காயத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"இத எடுக்க ரெண்டு நாள் வரிசைல நிண்டன் தம்பி. ரெண்டு தண்ணி பாய்ச்சலாம். ஒங்கட பெட்டிக்கு இது எவ்வளவு நேரத்துக்குக் காணும்?"

"பாதி தந்தா ரெண்டு மணித்தியாலம் ஓடும்."

"அதுக்குள்ள கரண்ட் வருமா?"

"தெரியா ராத்தா."

"வரும்னு சொல்லியிருந்தா தந்திருக்க மாட்டன்" என்றா. புனலை எடுத்து வந்து பாதியை ஊற்றித் தந்தா. அந்தப் போகத்தில் அவவுக்கு ஓரத்து நான்கு பாத்தி கருகிப் போனது. அதைப் பற்றி ஒரு வார்த்தை அவ பிறகு பேசியதில்லை.

அந்த அரைக் கலன் எங்களைப் பத்து மணிவரை கொண்டுபோனது. கரண்ட் வரவில்லை. பத்து மணி அடித்து நான்கு நிமிடத்தில் குச்சியை எடுத்துப் பார்த்தேன். நனைந்த இடம் கோட்டில் நின்றது. முப்பத்தொன்பது மணித்தியாலம் முடிந்திருந்தது. இன்னும் ஒன்பது.

குச்சியோடு உள்ளே வந்தேன். தினுஷா என் கையைத்தான் பார்த்தாள்.

"அனே நானா, கொஞ்சம் பொறுங்க. பத்து நிமிஷம். இப்ப வந்திரும்."

"கோட்டுக்கு வந்திட்டு மகள்."

"பத்து நிமிஷம்தான் கேக்கிறன்!"

அவள் மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் என்னைப் பார்த்தா. கண்ணாடியைக் கழற்றவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு நின்றா. மிக்ஸ் இருந்தால் இன்னொரு நாள் இருக்கிறது, மிக்ஸ் போனால் தினுஷாவுக்கும் இல்லை, அவளுக்குப் பின்னால் வரும் ஒருவருக்கும் இல்லை. எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

"நிப்பாட்டுவம் மிஸ்."

மிஸ் பட்டியலை எடுத்துத் தினுஷாவிடம் நீட்டினா. "வாசியும் பிள்ளை."

அவள் வாசித்தாள். அழுதுகொண்டு வாசித்தாள், ஆனால் ஓர் இலக்கம் பிழைக்கவில்லை. நான் கையை வைத்துத் திருப்பிச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவள் நிமிர்ந்து என் கையைப் பார்த்து "ஓம்" என்றாள். பதினான்காம் படியில் குளிர்மானியின் இலக்கம் ஏறத் தொடங்கியது. திரையில் கடைசிப் புள்ளி விழுந்து, பிறகு ஒன்றும் விழவில்லை.

மிக்ஸ் தாங்கிக்குப் போய்க்கொண்டிருக்கும்போது மிஸ் பதிவுக் கொப்பியில் எழுதினா. 'காலை 10.04. டீசல் கோட்டில். அளவு நிறுத்தம். முடிவு சரி.'

பத்து நாற்பத்தொன்றுக்குக் கரண்ட் வந்தது.

எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. தினுஷா எழும்பி வெளியே போய்விட்டாள். மிஸ் கொப்பியைத் திரும்ப எடுத்து, 'மின்சாரம் 10.41' என்று எழுதினா. மேலே எழுதியிருந்த வரியைப் பேனை தொட்டது. வெட்டப் போகிறா என்று நினைத்தேன். வெட்டவில்லை. கொப்பியை மூடி வைத்துவிட்டு, "மிச்சப் படிகளையும் முடிப்பம் நானா" என்றா.

அந்தக் கரண்ட் அன்றைக்கு மாலை ஏழு மணி தாண்டியும் போகவே இல்லை.

இப்போது நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தக் கோடு சரியான இடத்தில் இல்லை. மிக்ஸை எடுக்க இரண்டு மணித்தியால டீசல் போதும். நான் கீறியது அதற்கு ஒரு விரல் மேலே, நாற்பது நிமிடம் கூட வைத்து. ஐஸ் பெக்டரியில் பழகிய கை. அமோனியாவோடு வேலை செய்தவன் எதிலும் கொஞ்சம் மிச்சம் வைப்பான். அதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. கோட்டை அதன் சரியான இடத்தில் கீறியிருந்தால், கரண்ட் வந்தபோது அளவு ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

அன்றைக்குப் பின்னேரமே மிஸ்ஸிடம் சொன்னேன்.

"மிச்சம் வைக்காமல் கோடு கீறுற ஆளெண்டால் நான் உங்களை வேலைக்கு எடுத்திருக்க மாட்டன்" என்றா. பிறகு, "பிள்ளைக்கு இப்ப சொல்ல வேண்டாம். தாங்க மாட்டாள்" என்றா.

தினுஷா எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் வந்து நேராகக் கேட்டாள். "நானா, அந்தக் கோடு சரியாத்தானே போட்டீங்க?"

"ஓம் மகள்" என்றேன். என் வேலைக்காலத்தில் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நினைவில் நிற்பது அது ஒன்றுதான்.

திரும்பவும் குளிர வைக்க இரண்டு தடவை முயன்றோம். மிக்ஸைச் சுத்தமாக்க வேண்டிய திரவ நைட்ரஜனைக் கொண்டுவரும் லொறி நின்றுபோயிருந்தது. வெட்டு இன்னும் நீண்டது. தினுஷா முப்பத்தொன்பது மணித்தியாலத்தை வைத்தே ஆய்வை எழுதினாள். மீதியை ஏன் அளக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினாள். பட்டம் கிடைத்தது. ஆனால் பரிசோதகர்கள், 'நாற்பத்தெட்டு மணித்தியாலம் தளம்பாது என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது' என்று குறிப்பு எழுதினார்கள். நியாயமான குறிப்பு. அவள் வெளிநாட்டுக்குப் போனாள்.

அடுத்த வருடம் மிஸ்ஸும் போனா. தாயாருக்குச் சுகமில்லை, இங்கே மருந்து இல்லை, அங்கே ஒரு பல்கலைக்கழகம் அழைத்தது. போவதற்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, ராத்தாவைப் பார்க்க வேண்டும் என்றா. தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"உங்கட டீசலுக்கு நன்றி சொல்ல வந்தனான் அக்கா. அந்த ரெண்டு மணித்தியாலம் அந்தப் பிள்ளையின்ரை புத்தகத்தில இருக்கு."

ராத்தா சேற்றுக் கையைச் சீலையில் துடைத்தா. "எனக்கு அது வெளங்காது மிஸ். ஆனா தம்பி அந்தப் பெட்டியப் பத்திக் கதைக்கக்குள்ள மொகம் ஒரு மாதிரி வெளிச்சமா இரிக்கும். நீங்க போனா அவன் யாரோட அதப் பத்திக் கதைப்பான்?"

மிஸ் அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினா. ராத்தா ஒரு பையில் வெங்காயம் போட்டுக் கொடுத்தா. விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று நான் சொன்னேன். மிஸ் அதைக் கேட்காதவ மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாகனத்தில் ஏறினா.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்த அறையில் நான் இருந்தேன். இயந்திரத்துக்கு உறை போட்டோம். நான் செய்த வேலையெல்லாம் கொம்பிரசரில் உப்புப் படியாமல் துடைப்பதும், தாங்கியின் அழுத்தத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவதும்தான். பட்டியலை மட்டும் சில வேளை எடுத்து வாசிப்பேன். வாசித்து நிமிர்ந்தால் வால்வில் கை இருக்காது. அறுபதாவது வயதில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதை எழுதத் தொடங்கிய பிறகு, அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு மேலே எழுத முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தினுஷாவுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தேன். அங்கே அவளுக்குக் காலை. சுகம் விசாரித்துவிட்டு, கோட்டைப் பற்றிச் சொன்னேன். ஒரு விரல், நாற்பது நிமிடம். எல்லாம் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஏதோ கதவை மூடும் சத்தம் கேட்டது.

"தெரியும் நானா" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அண்டைக்குப் பின்னேரமே நான் போய்க் குச்சி விட்டுப் பாத்தேன். மிச்சத்தக் கணக்குப் போட்டேன். அந்தக் கோவத்துலதான் எட்டு நாள் பேசல்ல. ஒன்பதாம் நாள் நீங்களே சொல்லுவீங்கண்டு கேட்டேன்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இங்க மிக்ஸ் எப்ப எடுக்கிறதுண்டு நான்தான் நானா இப்ப கோடு போடுற. முதல் நாள் போட்டப்போ ஒரு விரல் மேலதான் போட்டேன். போட்ட பிறகுதான் உங்கள நெனச்சு அழுதேன்."

பிறகு வேறொன்று சொன்னாள். அதே வடிவத்தில் இன்னொரு சில்லைச் செய்து, அங்கே போன மாதம் அளந்தாளாம். இரண்டு நாள் இல்லை, ஏழு நாள். கரண்ட் ஒரு தடவையும் போகவில்லை. தளம்பவில்லை.

"அப்ப ஒங்கட கதை சரிதானே மகள்!" என்று கத்திவிட்டேன். உள்ளே இருந்து என் மனைவி எட்டிப் பார்த்தா.

"சரிதான் நானா. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு அந்த ரூம்தான் ஞாபகம் வந்திச்சு. நீங்களும் மிஸ்ஸும் இல்லாம அது வேற ஒரு அளவு மாதிரி இருந்திச்சு."

போனை வைத்த பிறகு படம் ஒன்று அனுப்பியிருந்தாள். ஏழு நாளின் புள்ளிகள், இடமிருந்து வலமாக, நேராகப் போகின்றன. கீழே மணித்தியாலங்கள் எழுதியிருக்கின்றன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முப்பத்தொன்பது எங்கே என்று தேடி, அதில் விரலை வைத்தேன். அதுவரைதான் அந்த அறையில் என் கண் பார்த்தது. அங்கிருந்து விரலை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினேன். நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்தெட்டுவரை போக எனக்கு வெகு நேரம் எடுத்தது.